ஒரே தறியில் இரண்டு அட்டை மாலை

“சார், ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வைரஸ் நுழைஞ்சா என்ன ஆகும்? சண்டை போட்டுக்குமா, இல்ல கூட்டு சேர்ந்துக்குமா?”

பன்னிரண்டாம் வகுப்புக்கு எய்ட்ஸ் பாடம் நடத்தி முடித்த அன்று ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். இளம்பிள்ளையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வீட்டில் தறி ஓடுகிறது. பெல் அடித்துவிட்டதால் “நாளைக்குச் சொல்றேன்மா” என்று அனுப்பிவைத்தேன். பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுநாள் தறியை வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன். அன்று சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சேலத்துக்காரர்களுக்கு ஜக்கார்டு தறியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியின் தலைமேல் ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை மாலை போலக் கோத்து அதில் தொங்கவிட்டிருப்பார்கள். எந்த அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்பப் பாவு நூல்கள் மேலே எழும், நாடா குறுக்கே ஓடும், புடவையில் மயிலோ மாங்காயோ விழும். தறிக்கு மயிலைத் தெரியாது. அட்டை சொன்னதை நெய்யும், அவ்வளவுதான். நம் உடம்பின் செல்லும் இப்படித்தான். டிஎன்ஏ என்பது அட்டை மாலை. செல்லில் உள்ள இயந்திரங்கள் அதைப் படித்துப் புரதங்களை நெய்கின்றன.

வைரஸுக்குத் தறி கிடையாது. அதனிடம் இருப்பது டிசைன் மட்டும். பெரும்பாலான வைரஸ்கள் செல்லுக்குள் வந்து, தங்கள் டிசைனைக் காட்டி, வேண்டியதை நெய்துகொண்டு போய்விடும். ரெட்ரோவைரஸ் என்ற இனம் செய்வது வேறு. அதன் டிசைன் ஆர்என்ஏ வடிவில் இருக்கும் (டிஎன்ஏவைப் பார்த்துச் செல் எடுத்துக்கொள்ளும் வேலை நகல் ஆர்என்ஏ). உள்ளே நுழைந்ததும் அதை டிஎன்ஏவாக எழுதிக்கொள்ளும். அப்புறம் செல்லின் அட்டை மாலையை ஓர் இடத்தில் அவிழ்த்து, நடுவில் தன் அட்டைகளைக் கோத்து, மறுபடி கட்டிவிடும். அதன்பின் எது தறிக்காரரின் அட்டை, எது வந்தவருடையது என்று தறிக்குத் தெரியாது. அந்தச் செல் உள்ளவரை, அது பிரிந்து உண்டாகும் செல்கள் உள்ளவரை, அந்த அட்டையும் இருக்கும்.

டிஎன்ஏவிலிருந்துதான் ஆர்என்ஏ வரும் என்று உயிரியலாளர்கள் பொதுவாக நினைத்திருந்த காலத்தில், எதிர்த்திசையில் எழுதும் நொதி ஒன்று இருக்கிறது என்று 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே காட்டினார்கள். 1975-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ‘ரெட்ரோ’ என்பது அந்தப் பின்னோக்கிய எழுத்தைக் குறிக்கிறது. ஒன்றை இடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் டிஎன்ஏவில் ஏறத்தாழ 8 சதவீதம், பல லட்சம், கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் உயிரினங்களுக்குள் புகுந்த ரெட்ரோவைரஸ்கள் விட்டுச்சென்ற அட்டைகள். அதில் ஒன்றைத் தாயின் நச்சுக்கொடி உருவாவதற்கே நம் உடம்பு பயன்படுத்திக்கொள்கிறது. சின்சைட்டின் என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, மனிதருக்கு நோய் தரும் ரெட்ரோவைரஸ்களுக்கு வருவோம். முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எச்ஐவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அதற்கு முன்பே, 1980-இல், அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் குழு எச்டிஎல்வி-1 என்ற வைரஸைப் பற்றி அறிவித்தது. ஒருவகை ரத்தப்புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் அது. ஜப்பானின் தென்மேற்குப் பகுதியில் அந்தப் புற்றுநோய் கூட்டம் கூட்டமாக வருவதை அங்குள்ள மருத்துவர்கள் 1977-லேயே கவனித்து எழுதியிருந்தார்கள். எச்ஐவியை 1983-இல் பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மோன்தானியேயும் கண்டார்கள். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாக 1986-இல் நம் சென்னையில்தான் அறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை. ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள்.

இந்த இரண்டு வைரஸும் தேடிப்போவது பெரும்பாலும் ஒரே வகை வெள்ளணுவை. சிடி4 டி-செல் என்று அதற்குப் பெயர். கிருமி வந்தால் மற்ற வெள்ளணுக்களுக்கு ‘நீ இதைச் செய், நீ அதைச் செய்’ என்று வேலை ஏவுவது அதுதான். அது குறைந்தால், மற்ற படைவீரர்கள் இருந்தும் பயனில்லை.

சிடி4 என்ற சொல்லை நான் கல்லூரியில் படித்தேன். அதன் எடையை உணர்ந்தது எங்கள் சித்தப்பா வழியாக. லாரி ஓட்டியவர். சங்ககிரி லாரிப்பட்டறைகளும் வடநாட்டு ரோடுகளுமாகவே அவர் காலம் போனது. எச்ஐவி இருப்பது தெரிந்தபின் மாதாமாதம் சேலத்தில் எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு மாத்திரை வாங்க வருவார். பல தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால், பிள்ளைகள் பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல் சொல்வார்: “இந்தத் தடவை நானூத்தி இருவது டா தம்பி.” வரிசையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். நலமாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 செல்கள் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து. எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று சித்தப்பா நம்பினார். எச்ஐவி மட்டும் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை சரியானதுதான். இரண்டு வைரஸும் சேர்ந்து இருப்பவருக்கு அதே எண் பொய் சொல்லக்கூடும். என் மாணவியின் கேள்விக்கு விடை போகும் திசை இதுதான்.

இரண்டும் ஒரே செல்லில் குடியிருந்தாலும் பிழைக்கும் வழி வேறு வேறு. இந்த இடத்தில் தறி உவமை போதாது, ஏனென்றால் தறி குட்டி போடாது, செல் போடும். ஆகவே கொஞ்ச நேரம் ஏற்காட்டுக்கு ஏறுவோம்.

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் என்றொரு பூச்சி உண்டு. புழு காபித் தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். செடி வாடிச் சாகும். வண்டாகி வெளியே வந்து அடுத்த செடியைத் தேடும். அதே தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மரம் நின்றால்தான் கொடி நிற்கும். கொடியைக் கிள்ளிப் பதியம் போட்டால் புதுக்கொடியும் அச்சு அசல் பழைய கொடிதான்.

எச்ஐவி துளைப்பானைப் போன்றது. மருந்து எடுக்காத ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன என்று 1996-இல் கணக்கிட்டார்கள். வைரஸை மும்முரமாக நெய்யும் செல் ஓரிரு நாளில் செத்துப்போகிறது. ஒவ்வொரு புது வைரஸும் அடுத்த செல்லுக்குப் போய் மறுபடி ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுத வேண்டும். எழுதும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் இல்லை. அதனால்தான் எச்ஐவி இவ்வளவு வேகமாக உருமாறுகிறது.

எச்டிஎல்வி-1 மிளகுக்கொடி. ரத்தத்தில் தனியாக மிதக்கும் வைரஸாக அதைப் பார்ப்பதே அரிது. தொற்றிய செல் இன்னொரு செல்லோடு ஒட்டி நின்று கைக்குக் கை கொடுப்பதுபோல் வைரஸை மாற்றிவிடும். அதைவிட முக்கியமாக, குடியிருக்கும் செல்லையே பெருகச் செய்யும். செல் இரண்டானால் அட்டையும் இரண்டு. இந்த நகலை எடுப்பது வைரஸின் நொதி அல்ல, நம் செல்லின் சொந்த நொதி. அது பிழை பார்த்துத் திருத்தி எழுதும். அதனால் எச்டிஎல்வி-1 தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருக்கிறது. உலகில் குறைந்தது 50 லட்சம் முதல் ஒரு கோடிப் பேருக்கு அது இருக்கலாம் என்பது மதிப்பீடு. தென்மேற்கு ஜப்பான், கரீபியன் தீவுகள், பிரேசில், பெரு, ஆப்பிரிக்காவின் சில பகுதிகள், நடு ஆஸ்திரேலியா ஆகியவை அது அதிகமுள்ள இடங்கள். தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் ஆகிய வழிகளில் பரவும். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை எந்த நோயும் வருவதில்லை. சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து ரத்தப்புற்றுநோயோ, கால்களை முடக்கும் தண்டுவட நோயோ வரும்.

இப்போது இரண்டையும் ஒரே செல்லுக்குள் விடுவோம்.

முதல் கேள்வி வாசலைப் பற்றியது. எச்ஐவி நுழைவது சிடி4 என்ற கதவு வழியாக. கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற தாழ்ப்பாளும் திறக்க வேண்டும். உள்ளே வந்ததும் அது செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, சிடி4 கதவைப் பெயர்த்தெடுப்பது. அதன் நெஃப், விபியு என்ற புரதங்கள் இதைச் செய்கின்றன. ஆகவே அதே செல்லுக்குள் இரண்டாவதாக ஓர் எச்ஐவி நுழைவது கடினமாகிறது. ஆனால் எச்டிஎல்வி-1 அந்தக் கதவுக்கே வருவதில்லை. செல் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும் குளூட்1 என்ற வழியையும், நியூரோபிலின்-1 என்ற புரதத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறது. முன்வாசலை ஒருவர் அடைத்தாலும் பின்வாசல் திறந்தே இருக்கிறது. எச்டிஎல்வி-1 முதலில் குடியேறிய செல்லிலும் சிடி4 கதவு அப்படியே இருப்பதால், எச்ஐவிக்கும் தடையில்லை.

அடுத்தது உள்ளே நடப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எச்டிஎல்வி-1 நெய்யும் புரதங்களில் டாக்ஸ் என்று ஒன்று. அதன் வேலை செல்லைத் தட்டி எழுப்பி ஓடவைப்பது. செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம் இருக்கிறது. விசைத்தறியின் ஸ்டார்ட்டர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் செல், கிருமி வரும்போது மட்டும் அவிழ்த்துவிடும். டாக்ஸ் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இருக்கும். தறி நிற்காது.

எச்ஐவியின் அட்டை மாலையின் தலைப்பில், இதே என்எஃப்-கப்பா-பி வந்து உட்காருவதற்கென்றே இருக்கைகள் இருக்கின்றன. வழக்கமாக இரண்டு. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் சி வகை எச்ஐவியில் மூன்று. அது வந்து உட்கார்ந்தால் எச்ஐவியின் டிசைன் ஓடத் தொடங்கும். ஆக, ஒரு வைரஸ் தன் வசதிக்காகப் போட்ட சுவிட்ச் இன்னொரு வைரஸையும் ஓடவைக்கிறது. எச்ஐவி பல செல்களில் வாய் திறக்காமல் உறங்கிக்கொண்டிருக்கும். மருந்தால் அதை அடியோடு ஒழிக்க முடியாததற்குக் காரணமே அந்த உறக்கம்தான். அப்படி உறங்கும் எச்ஐவியை டாக்ஸ் எழுப்பிவிடக்கூடும் என்பதை ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். தவிர, விழித்து ஓடும் டி-செல்லில்தான் எச்ஐவி நன்றாகப் பெருகும்.

அப்படியானால் எச்டிஎல்வி எப்போதும் எச்ஐவிக்குத் துணையா? அவ்வளவு நேராக இல்லை. டாக்ஸ் வெளியே தெரிந்தால் நம் நோய் எதிர்ப்புச் செல்கள் உடனே அடையாளம் கண்டு அந்தச் செல்லைக் கொல்லும். ஆகவே எச்டிஎல்வி-1 டாக்ஸைப் பெரும்பாலும் அடக்கி வைத்து, அவ்வப்போதுதான் வெளியே விடும். அதே அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படித்தால் இன்னொரு டிசைன் வருகிறது! எச்பிஇசட் என்பது அதன் பெயர். டாக்ஸ் அவிழ்த்துவிட்ட ஸ்டார்ட்டரை அது மட்டுப்படுத்துகிறது. ஒரே வைரஸின் ஒரு கை முடுக்குகிறது, மறு கை அடக்குகிறது. எந்த நேரத்தில் எந்தக் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து, பக்கத்தில் இருக்கும் எச்ஐவி எழும் அல்லது படுத்துக் கிடக்கும்.

மூன்றாவதாக ஒன்று நடக்கும். இதைச் சொன்னபோது வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே செல்லில் இரண்டு வைரஸும் நெய்யப்படும்போது, பாகங்களைக் கோக்கும் இடத்தில் கலந்துபோகும். உடல் ஒருவருடையது, முந்தி இன்னொருவருடையது என்று புடவை வந்தால் எப்படி இருக்கும்? உள்ளே எச்ஐவியின் ஆர்என்ஏ, வெளியே எச்டிஎல்வி-1-இன் உறை. கதவைத் திறக்கும் சாவி உறையில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கலப்பு வைரஸ், சிடி4 கதவே இல்லாத செல்லுக்குள்ளும் எச்ஐவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1991-இல் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டினார்கள்.

“அப்போ புது வைரஸா சார் அது?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். இல்லை. உறை மட்டும்தான் இரவல். உள்ளே இருக்கும் டிசைன் எச்ஐவியுடையதே. புதுச் செல்லில் அது நெய்யும் அடுத்த தலைமுறைக்குப் பழைய எச்ஐவி உறையே வரும். ஒரு தடவை நுழைய மட்டுமே அந்த இரவல் முந்தி உதவும். டிசைனே கலப்பது நெருங்கிய உறவுக்குள்தான் நடக்கும்: இரண்டு வகை எச்ஐவி-1 (இதுவரை எச்ஐவி என்று சொல்லிவந்தது இதைத்தான்) ஒரே செல்லில் இருந்தால், ஒரு வைரஸுக்குள் இரண்டின் ஆர்என்ஏவும் ஆளுக்கொன்றாக ஏறிவிடும். எழுதும் நொதி ஓர் ஏட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி எழுதி, உண்மையிலேயே புதிய ஒரு வைரஸை உண்டாக்கும். பி, சி வகைகள் கலந்து சீனாவில் பரவிய எச்ஐவி அப்படிப் பிறந்ததுதான். எச்ஐவியும் எச்டிஎல்வியும் அப்படிக் கலக்க முடியாத அளவுக்குத் தூரத்து உறவு.

இனி சித்தப்பாவின் எண்ணுக்கு வருகிறேன். எச்ஐவி சிடி4 செல்களைக் குறைக்கும். எச்டிஎல்வி-1 தான் குடியிருக்கும் சிடி4 செல்களைப் பெருக்கும். ஒரே உடம்பில் ஒன்று கழிக்கிறது, மற்றது கூட்டுகிறது. பரிசோதனைக் கருவி என்ன செய்கிறது? மேற்பரப்பில் சிடி4 உள்ள செல்களை எண்ணுகிறது. அந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. ஒரு கொட்டகையில் பத்துத் தறி இருக்கிறது என்று வாசலில் நின்று எண்ணிவிடலாம். அதில் எத்தனை தறி வந்தவனின் டிசைனை நெய்துகொண்டிருக்கிறது என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

1994-இல் பிரேசிலில் வெளியான ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. இரண்டு தொற்றும் உள்ளவர்களுக்கு, எச்ஐவி மட்டும் உள்ளவர்களைவிட சிடி4 எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. நோயோ அவர்களுக்கு முற்றியிருந்தது. எண் நன்றாக இருக்கிறதே என்று நிமோனியா போன்ற தொற்றுகளுக்கான தடுப்பு மாத்திரையைத் தள்ளிப்போட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள். எங்கள் சித்தப்பா அந்த எண்ணைச் சொல்லும்போது முகத்தில் வரும் தெளிச்சியைப் பார்த்தவன் நான். அதே தெளிச்சியோடு ஒருவர், உள்ளுக்குள் தடுப்பு இல்லாமல், வீடு திரும்புகிறார் என்பதை என்னால் வெறும் பாடமாகப் படிக்க முடியவில்லை.

எச்டிஎல்வி குடும்பத்தில் இன்னொரு வைரஸ் இருக்கிறது. 1982-இல் கண்டது, எச்டிஎல்வி-2. அது சிடி8 என்ற வேறு டி-செல்லையே அதிகம் விரும்பும். அது தொற்றிய செல்கள் வெளியிடும் சில வேதிப்பொருள்கள் சிசிஆர்5 தாழ்ப்பாளில் போய் ஒட்டிக்கொள்வதால், எச்ஐவி நுழைய இடமில்லாமல் போகிறது. எச்டிஎல்வி-2-உம் உள்ளவர்களுக்கு எச்ஐவி மெதுவாக முற்றுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், நடத்தை கிட்டத்தட்ட எதிர்!

நம் நாட்டுக்கு நெருக்கமான ஜோடி எச்ஐவி-1-உம் எச்ஐவி-2-உம். எச்ஐவி-2 மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம்; இந்தியாவிலும் சிலருக்கு உண்டு, இரண்டும் சேர்ந்து உள்ளவர்களும் உண்டு. எச்ஐவி-2 மெதுவானது. ஆனால் நெவிராபின், எஃபாவிரென்ஸ் என்ற மருந்துகள் அதன்மேல் வேலை செய்வதில்லை. ஒன்றை மட்டும் பரிசோதித்து அந்த மருந்தைக் கொடுத்தால், எச்ஐவி-1 அடங்கும், மற்றது தன்பாட்டுக்கு வளரும். இப்போது முதலில் தரப்படும் டோலுடெக்ராவிர் இரண்டின்மேலும் வேலை செய்கிறது என்பது பெரிய ஆறுதல்.

எச்ஐவி மருந்து எச்டிஎல்வி-1-ஐயும் அடக்குமா என்று அந்த மாணவி கடைசியாகக் கேட்டாள். மிளகுக்கொடியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏஆர்டி மாத்திரைகளில் பல, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதும் நொதியின் கையைக் கட்டுகின்றன. ஒவ்வொரு செல்லிலும் புதிதாக எழுதியாக வேண்டிய எச்ஐவி அதில் முடங்கிவிடும். மாத்திரையை விடாமல் எடுத்து ரத்தத்தில் எச்ஐவி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதும் இல்லை. எச்டிஎல்வி-1 ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டது. இனி செல் பிரிந்தால் போதும், அதற்கு அந்த நொதி தேவையே இல்லை. மாத்திரையால் அதன் அளவு குறைவதில்லை.

ஆகவே இரண்டும் உள்ள ஒருவரிடம் அளப்பதும் இரண்டு விதமாகத்தான். எச்ஐவிக்கு, ரத்த நீரில் மிதக்கும் அதன் ஆர்என்ஏவை எண்ணுகிறார்கள். சிடி4 எண் ஏமாற்றினாலும் இது ஏமாற்றாது. எச்டிஎல்வி-1-க்கு அந்த நீரில் தேடிப் பயனில்லை. வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, நூறு செல்லில் எத்தனை செல்லின் டிஎன்ஏவில் அதன் அட்டை கோத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.